தீக்கு முன்னே ஒரு தீர்மானம்

பழந்தமிழ்ப் புலவர்கள் நிலத்தைத் திணைகளாக வகுத்தபோது, குறிஞ்சிக்கு மலையையும் முல்லைக்குக் காட்டையும் மருதத்துக்கு வயலையும் நெய்தலுக்குக் கடற்கரையையும் உரிமையாக்கிவிட்டு, பாலைக்கு மட்டும் தனியானதொரு நிலத்தைக் கொடுக்கவில்லை. மழை பொய்த்து, வேனில் முதிர்ந்து, வெம்மை பொறுக்கமாட்டாத அளவுக்கு ஏறும்போது, குறிஞ்சியும் முல்லையுமே தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று அவர்கள் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ள விக்டோரியா மாநிலத்தின் சரித்திரத்தைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு இந்தப் பாகுபாடு திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வரும். பெரணிகள் அடர்ந்த ஈரப் பள்ளத்தாக்குகளும், முந்நூறு அடியை எட்டும் மரங்களும், செம்மறி மேயும் பசும்புல் வெளிகளும் உள்ள அந்நாடு, ஏதோ ஓர் ஆண்டின் கோடையில், ஒரே பகற்பொழுதில் சாம்பல் மேடாக மாறிவிடுகிறது. அத்தகைய நாட்டில் ஊர் அமைத்து, வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து வாழும் ஜனங்கள், தீயோடு எப்படி வாழ்வது என்பதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கற்று வருகிறார்கள். அந்தக் கல்விக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அதிலிருந்து பெற்ற பாடமோ எளிதாகச் சொல்லிவிடக் கூடியது. தீ கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒரு சமூகம் செய்யக்கூடியது மிகச் சொற்பம். அதைக் காப்பது, தீ இல்லாத காலத்தில் அது கூடிச் செய்துகொண்ட தீர்மானமே. இக்கட்டுரை அந்தப் பாடம் படிப்படியாக எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய முயல்கிறது.

நிலமும் காற்றும்

விக்டோரியாவின் காடுகளில் பெரும்பகுதி யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்தது. அம்மரங்களின் இலைகளில் எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் எண்ணெய் இருக்கிறது. சில வகைகளின் பட்டை நார்நாராகவும் நீண்ட சுருள்களாகவும் உரிந்து தொங்குகிறது. உதிர்ந்த சருகும் சுள்ளியும் பட்டையும், வறண்ட காற்றில் விரைவில் மக்கிப்போகாமல், ஆண்டுக்கு ஆண்டு தரையில் குவிகின்றன. அம்மரங்களிற் பல தீயோடு பழகியவை: உடலெல்லாம் கரிந்தபின் அடிமரத்திலிருந்தே தளிர் விடுவன சில, 'மலைச் சாம்பல் மரம்' என்று அந்நாட்டார் அழைக்கும் உயர்ந்த மரமோ, கடுந்தீயில் தான் மடிந்து, தன் விதைகளைச் சாம்பலில் உதிர்த்து அடுத்த தலைமுறையை எழுப்புகிறது. காட்டுக்குத் தீ ஒரு பருவம் போன்றது. அதன் நடுவே வீடு கட்டிய மனிதனுக்குத்தான் அது சர்வநாசம்.

இந்த எரிபொருளைக் கொளுத்திவிடுவது காற்று. தென்கோளத்துக் கோடையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, கண்டத்தின் நடுவேயுள்ள பாலைவனங்களிலிருந்து வடகாற்று அனல் போல வீசுகிறது. சில நாட்களுக்குப் பின், தென்சமுத்திரத்திலிருந்து குளிர்காற்றின் முகப்பொன்று வந்து அந்த வெம்மையைத் துரத்துகிறது. நகரத்தில் இருப்பவனுக்கு அந்தத் தென்மேற்குக் காற்று வரப்பிரசாதம். தீயின் அருகில் இருப்பவனுக்கோ அதுவே பேரபாயம். பகல் முழுவதும் வடகாற்றால் தெற்கு நோக்கி ஓடிய தீ, நீண்டு ஒடுங்கிய நாக்கைப் போல இருக்கும். அதன் முனை குறுகியது, பக்கங்களோ பல மைல் நீளமானவை. காற்று திடீரென்று தென்மேற்கிலிருந்து திரும்பி வீசும்போது, அந்த நீண்ட பக்கம் முழுவதுமே முனையாக மாறி, அதுவரை தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருந்த ஊர்களின் மேல் பாய்கிறது. விக்டோரியாவின் பெருந்தீக்களில் உயிர்ச்சேதம் மிகுந்த நேரம் பெரும்பாலும் இந்தக் காற்று திரும்பிய நேரமே.

முதற் பாடம்: 1939

1851-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், 'கறுப்பு வியாழன்' என்று பெயர் பெற்ற தீயில், விக்டோரியாவின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் எரிந்தது. அப்பொழுது அங்கே ஐரோப்பியக் குடியேற்றம் அடர்ந்திருக்கவில்லை. ஆகவே மனிதச் சேதம் குறைவாகவே இருந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1939 ஜனவரி 13-ஆம் நாள் வந்த 'கறுப்பு வெள்ளி'யின் கோடையிலோ, மலைக்காடுகளுக்குள் மர அறுப்பு ஆலைகளும் அவற்றைச் சுற்றிய சிற்றூர்களும் பெருகியிருந்தன. ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேர் எரிந்து, 71 பேர் மாண்டார்கள். ஊர்கள் சில முற்றிலும் அழிந்தன. சாம்பல் கடல் கடந்து நியூஸிலாந்து வரையில் சென்றது.

இந்தத் துயரத்தை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி லியோனார்ட் ஸ்ட்ரெட்டன் எழுதிய அறிக்கை, அரசாங்க ஆவணங்களில் அபூர்வமான ஒன்று. தீ தெய்வச் செயல் என்ற பேச்சுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை; மனிதக் கைகள் மூட்டியவை அவை என்று திட்டமாகச் சொன்னார். குடியானவனும் வனத் தொழிலாளியும் தத்தம் வசதிக்காகச் சிறு சிறு தீ மூட்டி, அதை அணைக்காமல் விட்டு வந்த வழக்கத்தை அவர் எடுத்துக் காட்டினார். அந்த நாட்டில் வந்து குடியேறியவர்கள் அதன் இயல்பை அறிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே நீண்ட காலம் வாழ்ந்ததில்லை என்பது அவர் கருத்து. ஆலைகளில் வேலை செய்தோர் புகுந்துகொள்ளத் தரைக்கடியில் காப்பறைகள் போதிய அளவில் இல்லாமையையும் கண்டித்தார். அவர் விசாரணைகளின் பயனாக, 1944-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், கிராமத் தீயணைப்பு ஆணையம் அமைந்து 1945-இல் வேலை தொடங்கியது. இதன் உயிர்நாடி சம்பளப் படையினர் அல்லர். குடியானவரும் கடைக்காரரும் ஆசிரியரும் தத்தம் ஊரில் சேர்ந்து பயிற்சி பெற்று, மணியோசை கேட்டவுடன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வண்டியேறும் தொண்டர்களே. ஊரைக் காப்பது ஊராரின் கடமை என்ற எண்ணம் ஒரு ஸ்தாபனமாக உருப்பெற்ற காலம் அது.

அதே தீ, விஞ்ஞானத்துக்கும் ஓர் அளவுகோலைத் தந்தது. பின்னாளில் ஆலன் மக்கார்தர் என்ற வன ஆராய்ச்சியாளர், வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், வறட்சி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நாளின் தீ அபாயத்தைக் குறிக்கும் எண்ணொன்றை வகுத்தபோது, கறுப்பு வெள்ளியின் நிலையை 100 என்று வைத்தார். அதற்கு மேல் ஓர் அபாயத்தை அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

நிற்பதா, போவதா?

1983 பிப்ரவரி 16, 'சாம்பல் புதன்'. விக்டோரியாவிலும் அண்டை மாநிலமான தென் ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் மடிந்தார்கள். அவர்களில் தீயணைக்கச் சென்ற தொண்டர்களும் பலர். அதன்பின் எரிந்த வீடுகளையும் எரியாத வீடுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர்கள், பொதுஜன நம்பிக்கைக்கு மாறான ஓர் உண்மையைக் கண்டார்கள். வீடுகளைப் பெரும்பாலும் அழித்தது பாய்ந்து வரும் தீச்சுவர் அன்று. அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்காகப் பறந்து வரும் கங்குகள். கூரையோட்டின் இடுக்கிலும், மழைநீர்த் தகரத்தில் தேங்கிய சருகிலும், தரைப்பலகையின் அடியிலும் அவை புகுந்து மெல்லக் கனிந்து, தீ கடந்துபோன பிறகே வீட்டைப் பற்றுகின்றன. ஈரத் துணியும் ஒரு வாளி நீரும் கொண்டு யாரேனும் உள்ளே நின்ற வீடுகள் மிகுதியாகப் பிழைத்திருந்தன. கடைசி நேரத்தில் காரில் ஏறி ஓடியவர்களோ, புகை சூழ்ந்த சாலையில் மரம் விழுந்து வழியடைபட்டு மாண்டிருந்தார்கள்.

இதிலிருந்து பிறந்த கொள்கை, 'ஆயத்தமாகி நின்று காத்துக்கொள். அல்லது முன்னரே போய்விடு' என்பது. இதை அநுஷ்டிக்க வேண்டுமானால் ஜனங்களுக்குக் கல்வி வேண்டும். ஆகையால் 1990-களில் தெருத்தோறும் அண்டை வீட்டார் கூடிப் பேசும் தீக்காப்புக் குழுக்கள் அமைந்தன. யார் வீட்டில் நீர்த்தொட்டி இருக்கிறது, எந்தப் பம்பு மின்சாரம் இல்லாமல் டீசலில் ஓடும், எந்த வீட்டில் நடக்கமுடியாத முதியவர் இருக்கிறார், ஆபத்து வந்தால் யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பவையெல்லாம் அங்கே பேசி முடிவு செய்யப்பட்டன. செயற்கை இழைத் துணி உருகி உடம்பில் ஒட்டும் என்பதால் கம்பளியும் பருத்தியும் உடுத்த வேண்டும் என்பது போன்ற சிறிய விஷயங்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. அற்பமாகத் தோன்றும் இத்தகைய செய்திகளில்தான் ஓர் ஊரின் உயிர் அடங்கியிருக்கிறது.

2009: எண்ணுக்கு அடங்காத நாள்

2009 ஜனவரி இறுதியில் மெல்போர்ன் நகரம், மூன்று நாட்கள் தொடர்ந்து 43 டிகிரியைத் தாண்டிய வெம்மையில் தவித்தது. ரயில் தண்டவாளங்கள் வளைந்தன, மின்சாரம் தடைப்பட்டது. அந்த ஒரு வாரத்தில், வழக்கமாக நிகழ்வதைவிட 374 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன என்று விக்டோரியாவின் சுகாதார அதிகாரிகள் பிறகு கணக்கிட்டார்கள். தனியே வாழ்ந்த முதியோரும் நோயாளிகளும் அவர்களிற் பெரும்பாலோர். தீயைப் போல வெப்பம் சுவாலை வீசுவதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால், அண்டை வீட்டான் அறியாமலே அது கொல்லுகிறது. ஆஸ்திரேலியாவின் இயற்கை உற்பாதங்களில், வெள்ளம், புயல், காட்டுத்தீ அனைத்தையும் விட அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றது வெப்ப அலையே என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

அதன்பின் வந்த பிப்ரவரி 7-ஆம் நாள், 'கறுப்புச் சனி'. மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி, அந்நகரத்தில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே உச்சம். நண்பகலை ஒட்டிக் கிழக்குக் கில்மோர் என்னும் இடத்தில், பழுதுற்ற மின்கம்பி ஒன்று அறுந்து எழுந்த பொறி, வடகாற்றில் ஏறிப் பெருந்தீயாக மாறி, மலைச்சரிவுகளின் வழியே கிங்லேக், ஸ்ட்ராத்யூவன் முதலிய ஊர்களைச் சூழ்ந்தது. மாலையில் காற்று திரும்பியபோது அதன் பக்கமெல்லாம் முனையாயிற்று. எரியும் பட்டைகள் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து விழுந்து புதுத் தீக்களை மூட்டின. வேறொரு தீ மேரிஸ்வில் என்னும் அழகிய மலையூரை ஏறத்தாழ முற்றிலும் அழித்தது. 173 பேர் மாண்டார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அன்றைய அபாய எண் பல இடங்களில் மக்கார்தர் வைத்த நூறைத் தாண்டி நெடுந்தூரம் போயிருந்தது. சென்ற காலத்தின் பேராபத்தை எல்லையென்று கொண்டு போட்ட கணக்கு, அன்று கைகொடுக்கவில்லை.

மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடுகளுக்குள்ளேயே மாண்டார்கள் என்ற உண்மை, முன்சொன்ன கொள்கையைச் சோதனைக்கு உட்படுத்தியது. நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையில் கூடிய விசாரணைக் கமிஷன், 2010 ஜூலையில் வெளியிட்ட இறுதி அறிக்கையில் 67 பரிந்துரைகளைச் செய்தது. அந்தக் கொள்கையை அது அடியோடு தள்ளிவிடவில்லை. சாதாரணத் தீக்குப் பொருந்திய விதி, அசாதாரணத் தீக்குப் பொருந்தாது என்று காட்டியது. மிகக் கொடிய நாளில் முன்கூட்டியே வெளியேறுவதே பத்திரமான வழி என்றும், வெளியேற முடியாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே புகலிடம் வேண்டும் என்றும் அது கூறியது. கமிஷன் முன் வந்த சாட்சியங்களில் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. நிற்பதென்று ஆயத்தமாகியிராமலும், போவதென்று தீர்மானிக்காமலும், 'என்ன ஆகிறது பார்ப்போம்' என்று காத்திருந்தவர்கள் மிகப் பலர். இயல்பான மனித சுபாவம் அது. வீட்டை விட்டுப் போக எவருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் புகை வானத்தை மூடிய பிறகு செய்யும் தீர்மானத்துக்குச் சாலையும் இருப்பதில்லை, நேரமும் இருப்பதில்லை.

சாம்பலிலிருந்து

இந்த அநுபவத்தால் பல சீர்திருத்தங்கள் வந்தன. தீ அபாயத்தின் படிகளுக்கு மேலே, 'பேரழிவு' என்னும் புதிய உச்சப்படி சேர்க்கப்பட்டது. அந்தப் படி அறிவிக்கப்படும் நாளில், எவ்வளவு நன்றாகக் கட்டிய வீடும் காக்கப்படத் தக்கதன்று, முதல் நாள் இரவோ அன்று விடியற்காலையோ ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். கைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு வந்தது. பல ஊர்களில் மைதானமோ மண்டபமோ 'கடைசிப் புகலிடம்' என்று குறிக்கப்பட்டது. வெப்ப அலைக்கும் முன்னெச்சரிக்கை முறை வந்தது.

சட்டத்தால் வந்த மாறுதல்களைக் காட்டிலும், ஜனங்களே தமக்குள் செய்துகொண்டவை என் மனத்தை அதிகம் கவர்ந்தன. ஸ்ட்ராத்யூவன் ஊர் சிறியது. அது 27 பேரை இழந்தது. அதன் பள்ளிக்கூடமும் எரிந்துபோயிற்று. மறுபடி எழுந்த அந்தப் பள்ளியில், உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் சிறுவர்களுக்குத் தீயின் இயல்பைக் கற்பிக்கிறார்கள். சரிவில் தீ எப்படி வேகங்கொள்கிறது, அபாயப் பலகையின் ஒவ்வொரு படியும் எதைக் குறிக்கிறது என்பதையெல்லாம் பிள்ளைகள் களிமண் பொம்மைகளால் சலனப் படமாக்கிப் பெரியவர்களுக்குச் சொல்கிறார்கள். அச்சத்தை மறைத்து வளர்க்காமல், அறிவாக மாற்றி வளர்க்கும் இந்த உபாயம் மிகுந்த விவேகம் உடையது.

கில்மோர்ப் பகுதியில், வேலியெல்லாம் எரிந்து செம்மறிகள் சிதறிய ஒரு குடியானவக் குடும்பத்தார், உதவிக்கு வந்தவர்களைக் கொண்டு தம் வேலியைக் கட்டி முடித்தபின், அண்டை நிலத்தார் வேலியையும் கட்டப் புறப்பட்டார்கள். பிளேஸ் எய்ட் என்ற அந்தத் தொண்டு நாளடைவில் நாடெங்கும் பரவி, தீயும் வெள்ளமும் வந்த இடங்களிலெல்லாம் முகாமிட்டு வேலி கட்டுகிறது. வேலி கட்டப்படும் பகலில், துக்கத்தால் வாயடைத்திருந்த குடியானவன் முதன்முறையாகப் பேசத் தொடங்குகிறான். மனத்தின் காயம் எளிதில் ஆறுவதன்று. மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், தீயால் கடுமையாகத் தாக்கப்பட்ட ஊர்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனவாதையோடு இருந்தது தெரிய வந்தது. உள்ளூர்ச் சங்கங்களிலும் குழுக்களிலும் ஈடுபட்டவர்கள் பொதுவாக நன்றாகத் தேறியிருந்தார்கள் என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. முன்னால் தீயிலிருந்து காத்த அண்டையுறவே பின்னால் மருந்தாகவும் ஆகிறது.

மல்லகூட்டாவின் காலை

2019-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானதும் மிக வறண்டதுமாக முடிந்தது. அந்தக் கோடையில், நாடு முழுவதும் 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. 33 பேர் தீயில் மாண்டார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. வாரக்கணக்காக நகரங்களைச் சூழ்ந்த புகையால், மேலும் நானூற்றுச் சொச்சம் உயிர்கள் போயிருக்கும் என்பது மருத்துவ ஆராய்ச்சியாளர் மதிப்பு.

டிசம்பர் 31-ஆம் நாள் காலை, விக்டோரியாவின் கிழக்குக் கோடியில் உள்ள மல்லகூட்டா என்னும் கடலோர ஊரில், பகல் நள்ளிரவைப் போல இருண்டு, பின்னர் செந்நிறமாயிற்று. அந்த ஊருக்குப் போக்குவரத்துச் சாலை ஒன்றே. அது காட்டின் ஊடே செல்வது. விடுமுறைக்கு வந்தவர்களும் ஊராருமாக ஏறத்தாழ நாலாயிரம் பேர் கரையில் கூடி நின்றார்கள். தீயணைப்போர் அவர்களுக்கும் தீக்கும் நடுவே நின்றார்கள். காற்று திரும்பியதால் கரையில் நின்றவர்கள் தப்பினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சாலை அடைபட்டதால், 2020 ஜனவரி 3-ஆம் நாள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடற்படைக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. ஜனங்கள் கூடவேண்டிய இடம் எது என்பதை அறிந்திருந்ததே அன்று பெரும் பலமாயிற்று.

பழைய அறிவு

இந்தக் கல்வியில் கடைசியாகக் கவனிக்கப்பட்ட அத்தியாயம், காலத்தால் முதலாவது. ஐரோப்பியர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கண்டத்தின் ஆதிக்குடிகள் தீயைக் கருவியாக ஆண்டு வந்தார்கள். ஈரம் முற்றும் வற்றாத பருவத்தில், காற்று தணிந்த வேளையில், சிறு சிறு துண்டுகளாகப் புல்லையும் சருகையும் மெல்ல எரித்துவிடுவார்கள். உயர்ந்த மரங்களின் உச்சி கரியாதபடி அத்தீ தரையோடு தவழும். குடியேற்றத்தோடு இந்த அறிவும் ஒடுக்கப்பட்டது. வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்தில், ஆதிக்குடிகளும் விஞ்ஞானிகளும் கூடி, வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே இவ்வாறு எரித்து, பிற்பருவத்துப் பெருந்தீக்களைக் குறைத்து வருகிறார்கள். தெற்கிலும் அந்த வழக்கம் மெல்ல மெல்ல மீட்கப்படுகிறது. மிகக் கொடிய நாளில் இத்தகைய எரிப்பும் தீயை முழுதும் தடுத்துவிடாது. சாதாரண நாட்களில் அதன் வேகத்தைத் தணித்து, தீயணைப்போருக்கு இடந்தரும். அதைவிடவும் பெரிய பிரயோஜனம் ஒன்று உண்டு: தன் நிலத்தை மாதந்தோறும் நடந்து பார்த்து, புல்லின் ஈரத்தைக் கையால் தொட்டறியும் சமூகத்துக்கு, தீ திடுக்கென்று வந்த அந்நியனாக ஒருபோதும் தோன்றாது. குடியேறியவர்கள் அங்கே போதிய காலம் வாழ்ந்ததில்லை என்று ஸ்ட்ரெட்டன் கூறியதற்கு, இதுவே தக்க விடையாகும்.

1939 முதல் இன்று வரையில் விக்டோரியா கற்ற பாடங்களைத் தொகுத்துப் பார்த்தால், வண்டிகளும் விமானங்களும் எச்சரிக்கைக் கருவிகளும் அவசியமே என்றாலும், அவற்றால் மட்டும் எந்த ஊரும் காப்பாற்றப்பட்டதில்லை என்பது தெளிவாகும். பூமி வெப்பமேறி வரும் இந்தக் காலத்தில், நேற்றைய உச்சத்தை நாளைய எல்லையாக எண்ணுவதற்கு எந்தச் சமூகத்துக்கும் உரிமை இல்லை. கூரைச் சருகைக் கார்காலத்திலேயே வாரிவிடுங்கள். தனியே வாழும் அண்டை வீட்டு முதியவரின் கதவைக் கோடை வருவதற்கு முன்பே தட்டி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த வழியாக எங்கே போவது என்பதைக் குழந்தைகளையும் உட்காரவைத்து இன்றே பேசி முடிவு செய்யுங்கள். தீ தெரிந்த பிறகு எடுக்கும் தீர்மானம், எடுக்கப்படாத தீர்மானமே.